அடகா, குழுக் கடனா? முதல் தவணை எப்போது என்று பாருங்கள்

போன ஜூன் மாதம் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் நானும் அண்ணியும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் கேட்டவர்கள் பட்டியல், இரண்டு பேர் கையால் பிசைந்து தீராத அளவுக்கு நீண்டுவிட்டது. மாவு பிசையும் இயந்திரம், மூட்டை மூட்டையாக அரிசி மாவு, எண்ணெய் டின், பலகாரப் போத்தல் எல்லாம் சேர்த்து 6,000 ரிங்கிட் வேண்டும்.

வங்கியை முதலிலேயே விட்டுவிட்டோம். வியாபாரப் பதிவு இருந்தது, எடுத்துக் காட்ட கணக்கு வழக்கு இல்லை. கூட்டுப் பிடிக்கலாம், அதாவது நாலு பேர் சேர்ந்து சீட்டுப் போடலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். 1971 முதல் இந்த நாட்டில் அதற்குத் தடை. சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற நம் சொல் இருக்கிறது, அந்த அளவுக்கு நம்மவர்கள் பிடித்திருக்கிறார்கள். பணம் போனால் புகார் சொல்லக்கூட வழி கிடையாது. ஆலோங் என்கிற, உரிமம் இல்லாத வட்டிக்காரர்கள் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டோம். மீதி இருந்தது இரண்டு: நகையை அடகு வைப்பது, அல்லது அமானா இக்தியார் போன்ற நிறுவனம் தரும் குழுக் கடன்.

குழுக் கடனுக்குப் பிணை வேண்டாம். வங்காளதேசத்தில் முகமது யூனுஸ் தொடங்கிய கிராமீன் வங்கியைப் பார்த்து, 1987-இல் அமானா இக்தியார் இங்கே வந்தது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழு, வாராவாரம் கூட்டம், வாராவாரம் தவணை. 2024-இல் இந்தியப் பெண்களுக்கென்றே ‘பெண்’ என்று ஒரு திட்டமும் தொடங்கினார்கள். நகை இல்லாத பெண்ணுக்கு இது பெரிய கதவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்களுக்கு இடித்தது அந்த வாரத் தவணைதான். 6,000 ரிங்கிட்டை 50 வாரத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அசல் மட்டும் வாரம் 120. ஜூனில் வாங்கினால் அக்டோபர் நடுவுக்குள் சுமார் 18 வாரம், 2,160 ரிங்கிட் போய்விடும். எங்களுக்குக் காசு வருவதோ தீபாவளிக்கு முந்தைய பத்து நாளில். அண்ணி கேட்டார்: “வாங்கின காசிலேயே தவணை கட்டினா, மாவு எதில் வாங்குறது?” அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இது எங்கள் முறுக்குக் கடைக்கு மட்டும் உள்ள சிக்கலில்லை. கொல்கத்தாவில் சிறுகடன் வாங்கிய பெண்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள், 2013-இல் வெளியானது. ஒரு பகுதியினர் வழக்கம்போல இரண்டு வாரத்தில் முதல் தவணை கட்டினார்கள். இன்னொரு பகுதியினருக்கு இரண்டு மாத அவகாசம். ஏறக்குறைய மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், அவகாசம் கிடைத்தவர்களின் தொழில் லாபம் சராசரியாக 41% அதிகம். தையல் இயந்திரமோ சரக்கோ வாங்கிப் போட்டு, அது திருப்பித் தரும்வரை பொறுக்க அவர்களால் முடிந்தது. அதே சமயம் கடனைக் கட்டாமல் விட்டவர்களும் அந்தப் பகுதியில்தான் அதிகம். ஆக, கடன் கொடுப்பவர்கள் வாரத் தவணையை ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதும் புரிகிறது. ஏழை நாடுகளில் கடன் கொடுத்தால் தொழில் வளரும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். தவணை எப்போது தொடங்குகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

அடகில் தவணையே கிடையாது. என்னுடைய இரண்டு வளையல்களும் அண்ணியின் சங்கிலியும். கம்பி போட்ட உயரமான மேசைக்குப் பின்னால் இருந்தவர் உரைகல்லில் தேய்த்தார், எடை போட்டார், சீட்டு எழுதினார். அரை மணி நேரத்தில் 6,000 ரிங்கிட் கையில். சட்டப்படி மாதம் 2 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. மீட்க ஆறு மாத அவகாசம். நவம்பர் முதல் வாரம் போய் மீட்டோம். ஐந்து மாத வட்டி 600 ரிங்கிட்.

ஆண்டுக்கு 24% என்று பார்த்தால் விலை அதிகம்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து மாதமும் 6,000 ரிங்கிட் முழுசாகத் தொழிலில் நின்றது. இயந்திரம் ஜூனிலேயே வந்துவிட்டது, பழகிக்கொள்ள நேரம் கிடைத்தது. முதல் இரண்டு முறை தண்ணீர் கூடிப்போய் மாவு அச்சில் நிற்காமல் வழிந்தது. அதைச் சரிசெய்தது ஆகஸ்டில். தவணைக்கு ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பொறுமை வந்திருக்காது.

இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். இஸ்லாமிய முறை அடகான அர்-ரஹ்னுவில் வட்டிக்குப் பதில் பாதுகாப்புக் கட்டணம், நம்மவர்களும் வைக்கலாம். நான் அங்கே கேட்காமல் போனது தவறு. அடுத்த முறை முதலில் அங்கேதான். இன்னொன்று, என் அனுபவம் ஒரே ஒரு தீபாவளிதான். வியாபாரம் படுத்திருந்தால் ஆறு மாதம் முடிந்து வளையல் ஏலத்துக்குப் போயிருக்கும், நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

தினமும் காசு புரளும் தொழிலுக்கு வாரத் தவணை பாரமாக இருக்காது. எங்கள் தெருமுனையில் காலையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்கும் அக்காவுக்குக் குழுக் கடனைத்தான் சொன்னேன். அவருக்குக் காலையில் போட்ட காசு பதினொரு மணிக்குள் கைக்கு வந்துவிடுகிறது.

இந்த ஆண்டு பொட்டலம் ஒட்டும் இயந்திரமும் சின்னதாக ஒரு வாடகை இடமும் பார்க்கிறோம். அதற்கு எங்கள் நகை போதாது. சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குனில் இந்தியத் தொழில்முனைவோருக்கு இருக்கும் ஸ்புமி கடனுக்கு விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறோம். அண்ணி பாரத்தைக் கையில் எடுத்ததும் வட்டி எழுதியிருந்த வரியைத் தாண்டி, முதல் தவணை எந்த மாதம் என்றுதான் தேடினார்.