ஜாவா கிளாஸில் புரியாதது புளூஜேயில் புரிந்தது

சில வருடங்களுக்கு முன்பு ஒரு கோச்சிங் சென்டரில் பணம் கட்டி ஜாவா என்ற புரோகிராமிங் மொழியைப் படித்தேன். "விலங்கு என்பது கிளாஸ், நாய் என்பது ஆப்ஜெக்ட்" என்று போர்டில் எழுதிப்போட்டார்கள், ஆப்ஜெக்ட்டுகளை வைத்து புரோகிராம் எழுதும் முறையின் நான்கு அடிப்படைகளான என்கேப்சுலேஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிசம், அப்ஸ்ட்ராக்‌ஷன் நான்கிற்கும் விளக்கத்தை நோட்டில் எழுத வைத்தார்கள், நானும் மனப்பாடம் செய்தேன். ஆனால் நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் ஒரு சின்ன புரோகிராம் எழுதச் சொன்னபோது எல்லாவற்றையும், புரோகிராம் ஓடத் தொடங்கும் இடமான மெயின் மெத்தடுக்குள்ளேயே கொட்டி வைத்தேன். வேறு எப்படி எழுதுவது என்று அங்கே யாரும் காட்டவே இல்லை.

இப்போது தம்பி பிசிஏ படிக்கிறான். அவனும் அதே நோட்டோடு வந்து, "அக்கா, கிளாஸுக்கும் ஆப்ஜெக்ட்டுக்கும் நிஜமாவே என்ன வித்தியாசம்?" என்று கேட்டான். வாயால் விளக்காமல் அவன் லேப்டாப்பில் புளூஜேயைப் போட்டுக் கொடுத்தேன். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் 1999-இல் ஜாவா கற்கும் மாணவர்களுக்கென்றே உருவான மென்பொருள் இது, முற்றிலும் இலவசம். நம் ஊர் ஐசிஎஸ்இ பள்ளிகளில் படித்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

இதன் அருமை என்னவென்றால், ஒரு வரி கோடு எழுதுவதற்கு முன்பே ஆப்ஜெக்ட்டைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஷேப்ஸ் என்ற மாதிரி புராஜெக்ட்டைத் திறந்தால் வட்டம், சதுரம், முக்கோணம் எல்லாம் தனித்தனி கிளாஸ் பெட்டிகளாகத் தெரியும். வட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்து புதிதாக ஒன்று உருவாக்கினால் கீழே ஒரு சிவப்புப் பெட்டி வந்து உட்காரும், இன்னொன்று உருவாக்கினால் பக்கத்திலேயே இன்னொரு பெட்டி. மேலே கிளாஸ் ஒன்றுதான், கீழே ஆப்ஜெக்ட் இரண்டு: கிளாஸ் என்பது அச்சு, ஆப்ஜெக்ட் அதில் வார்த்த பொருள். தம்பி கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

அப்புறம் ஒரு வட்டத்தின் மேல், அதன் உள்ளே இருக்கும் மதிப்புகளைக் காட்டும் இன்ஸ்பெக்ட் கொடுத்து, அந்த ஜன்னலை மூடாமல் வைத்துக்கொண்டு, வலப்பக்கம் நகர்த்தும் மெத்தடை, அதாவது அந்த ஆப்ஜெக்ட் செய்யத் தெரிந்த ஒரு செயலை, கூப்பிடச் சொன்னேன். இடமிருந்து வலமாக அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் எக்ஸ் மதிப்பு 20 கூடியது, இன்னொரு வட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த ஜன்னலில் எண்ணை நேராக மாற்றப் பார்த்தான், முடியவில்லை, மெத்தட் வழியாக மட்டும்தான் மாறும். உள்ளே இருக்கும் மதிப்பை வெளியிலிருந்து நேராகத் தொடவிடாமல் காப்பதுதான் என்கேப்சுலேஷன், நோட்டில் முக்கால் பக்கம் எழுதியிருந்ததை அப்போதுதான் புரிந்துகொண்டான்.

குறையும் இருக்கிறது. மெயின் மெத்தட் இல்லாமலே எல்லாம் ஓடுவதால், இதிலேயே ரொம்ப நாள் இருந்துவிட்டு வெளியே வருபவர்களுக்கு ஒரு முழு புரோகிராம் எங்கிருந்து தொடங்குகிறது என்பது பிடிபடாது. வேலைக்குப் போகிறவர்கள் எப்படியும் நிறுவனங்களில் புரோகிராம் எழுதப் பயன்படும் இன்டெலிஜேவோ எக்லிப்ஸோ பழகித்தான் ஆகவேண்டும். என்னைக் கேட்டால் முதல் ஒரு மாதத்துக்கு புளூஜே போதும், அதற்கு மேல் வேண்டாம்.

அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் ஜாவா வகுப்புக்குப் போங்கள். இணையத்திலேயே 14 பாகங்கள், அதுவும் இலவசம். வீடியோவை உட்கார்ந்து பார்க்கிற வகுப்பு இல்லை, கொஞ்சம் படித்ததும் பயிற்சி வந்துவிடும், நாம் எழுதுவதை அதுவே சோதித்து எங்கே தவறு என்று சொல்லும். பாடம் ஆங்கிலத்தில்தான், ஆனால் எளிய ஆங்கிலம். ஆப்ஜெக்ட் விஷயம் 4-ஆம் பாகத்தில்தான் தொடங்குகிறது, அதற்காக முதல் மூன்றைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் லூப்பும், பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் லிஸ்ட்டும் கை பழகாமல் போனால் பின்னால் திணறுவீர்கள்.

தம்பி இப்போது 6-ஆம் பாகத்தில் இருக்கிறான். பயனரிடம் கேட்டு வாங்கும் பகுதியை ஒரு கிளாஸிலும் கணக்குப் போடும் பகுதியை இன்னொன்றிலும் பிரித்து எழுதும் பாடம் அதில் வருகிறது. நேற்று இரவு அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் பழைய நூலக புரோகிராமை நானும் அப்படிப் பிரித்து எழுதி முடித்தேன்.