முப்பத்து நான்கு பேருக்கு ஒரு நடைவழியா, ஆறு பேருக்கு ஒரு கூடமா?

நான் தங்கியிருந்த கல்லூரி விடுதி மாடியில், நடைவழிக் கோடியில் இருந்த டியூப்லைட் ஒரு பருவம் முழுக்க எரியவில்லை. வாளியும் துண்டுமாக அதன் கீழே நடந்துதான் தினமும் குளிக்கப் போவோம். வார்டனிடம் ஒருவரும் சொல்லவில்லை, நானும்தான். ஆனால், என் அறை விளக்கு போனபோது அன்று மாலையே புதிதாக வாங்கி மாட்டினேன். பொதுச் சொத்து என்றால் நமக்கு இளக்காரம் என்று அப்போது என்னையே திட்டிக்கொண்டேன். அந்தத் திட்டில் பாதி கட்டடத்துக்குச் சேர வேண்டியது என்று இப்போது நினைக்கிறேன்.

இப்படி நினைக்க வைத்தவர்கள் ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் என்ற உளவியலாளர்கள். 1970களில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இருவகை விடுதிகளை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். முதல் வகை நமக்குப் பழகியதுதான்: நடுவே நீண்ட நடைவழி, இருபுறமும் இருவர் அறைகள், 34 பேருக்கும் பொதுவாக ஒரு குளியலறை, ஓர் ஓய்வுக்கூடம். மற்றதில் நான்கு முதல் ஆறு பேர் ஒரு தொகுப்பு. அவர்களுக்கென்று சிறு கூடமும் குளியலறையும் தனி. தலைக்கு இத்தனை சதுர அடி என்று கணக்குப் போட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் நெரிசல் தாங்கவில்லை என்றவர்கள் பெரும்பாலும் நடைவழிக்காரர்கள்.

பல் துலக்கப் போகும் வழியில் பத்து முகம். இன்று யாரிடமும் பேச வேண்டாம் என்று இருக்கும் நாளிலும் அதே பத்து முகம். பேர் தெரியாது, தெரியாதவர் என்று தள்ளவும் முடியாது. எப்போது, யாரைப் பார்ப்பது என்பது நம் கையில் இல்லாமல் போவதுதான் தொல்லை. இந்தத் தொல்லை விடுதியோடு நின்றுவிடவில்லை. வேறோர் இடத்தில், அறிமுகமில்லாத ஒருவர் அமர்ந்திருந்த காத்திருப்பு அறைக்குள் இவர்களை அனுப்பியபோது, நடைவழிக்காரர்கள் அவரிடமிருந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். முகத்தைப் பார்ப்பதும் குறைவு. இந்த ஆய்வில் என்னை உறுத்தியது இதுதான். வீடு பழக்கிய ஒதுக்கம் வெளியிலும் கூடவே வருகிறது.

என் டியூப்லைட்டுக்கு விடை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கிடைத்தது. அங்கிருந்த புரூயிட் ஐகோ என்ற அரசு அடுக்குமாடிக் குடியிருப்பை ஆராய்ந்த கட்டடக்கலைஞர் ஆஸ்கர் நியூமன், இரண்டு குடும்பங்களுக்குப் பொதுவான படிக்கட்டு முகப்புகள் சுத்தமாக இருந்ததையும், 20 குடும்பங்களுக்குப் பொதுவான நடைவழிகள் சீரழிந்து கிடந்ததையும் எழுதினார். குடியிருந்தவர்கள் ஒரே மக்கள்தான். அந்தக் குடியிருப்பே பாழானதற்குக் கட்டட வடிவத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. பராமரிக்கப் பணமில்லை, நகரத்தின் மக்கள்தொகையும் சரிந்துகொண்டிருந்தது. படிக்கட்டு முகப்புக்கும் நடைவழிக்கும் இருந்த வித்தியாசம் மட்டும் அந்த வாதத்தில் கரைந்துபோவதில்லை.

தொகுப்பு முறைக்கும் குறை உண்டு. குழாய்கள் அதிகம், கழிவறைகள் அதிகம், ஆகவே செலவும் அதிகம். ஆறு பேரில் ஒருவனோடு பகை வந்துவிட்டால் ஓடி ஒளிய இடமில்லை. 34 பேர் மாடியில் வேறு கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். எனக்கு வாய்த்த நல்ல நண்பன் என் அறையிலிருந்து பதினோராவது கதவு. இருந்தாலும், புதிதாகக் கட்டுகிறவர் கேட்டால் தொகுப்பு என்றுதான் சொல்வேன்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. பாம், க்ளென் டேவிஸோடு சேர்ந்து 1980இல் வெளியிட்ட ஆய்வு அது. ஏறத்தாழ 40 பேர் இருந்த நீண்ட மாடியில் நடுவிலிருந்த மூன்று அறைகளை ஓய்வுக்கூடமாக்கி, நடைவழியில் கதவு வைத்து, இருபது இருபதாகப் பிரித்தார்கள். பிரிக்காத மாடியோடு ஒப்பிட்டால், இங்கே நெரிசல் உணர்வு குறைந்தது. மாணவர்களுக்குள் சிறு சிறு நட்புக் குழுக்கள் உருவாயின.

எங்கள் மாடியின் நட்டநடுவிலும் இரண்டு அறைகள் இருந்தன. உடைந்த கட்டில்களைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள்.