பியு என்று சொல்லி என்சி அடித்துவிட்டுப் போனார்கள்: பழைய மரச்சாமானுக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுப்பவர்கள் கவனிக்க

சென்னையில் பழைய பீரோ, கட்டில், ஊஞ்சல் எதையாவது புதுசாக்க ஆள் தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பியு (PU) என்றால் பாலியூரித்தேன், என்சி (NC) என்றால் நைட்ரோசெல்லுலோஸ். இரண்டும் மரத்துக்கு அடிக்கும் வெவ்வேறு வகைப் பூச்சுகள்.

எங்களுடையது தேக்கு அலமாரி. தாத்தா காலத்திலிருந்து எனாமல் மேல் எனாமலாக ஏறியது. வெள்ளை பியு ஃபினிஷ், ஸ்ப்ரேயில் அடிப்பது, பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டி எடுப்பது எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் என்று ஒரு பெயின்டிங் கோஷ்டி கொட்டேஷன் எழுதிக் கொடுத்தது. பாதி முன்பணம். வந்த பையன்கள் உப்புத்தாளை மேலாக்கத் தேய்த்து, தூசியைத் தட்டிவிட்டு, கம்ப்ரஸரைப் போட்டுவிட்டார்கள். சுரண்டவில்லையா என்றால், "பியு எல்லாத்தையும் மூடிடும் சார்" என்கிறார்கள்.

மூடவில்லை. அடித்த கொஞ்ச நேரத்திலேயே கதவு முழுக்கப் பாலாடை மாதிரி சுருங்கியது. காய்ந்தால் சமனாகிவிடும் என்றார்கள். மறுநாள் மேஸ்திரி வந்து சுருக்கத்தின் மேலேயே பட்டி (மேடு பள்ளத்தை நிரப்பும் பசை) இழுத்தார். பையைப் பார்த்தால் சுவருக்குப் போடும் வால் புட்டி! அது வெள்ளை சிமென்ட் சரக்கு. மரம் ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். சிமென்ட் அதோடு சேர்ந்து அசையாது. மூலைகளில் விரிசல் விட்டு, நகம் பட்டாலே சில்லு சில்லாக உதிர்ந்தது. அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை.

சரிசெய்ய வந்த பெரியவர் முதலில் செய்த காரியம், பஞ்சில் என்சி தின்னரை நனைத்துக் கதவின் உள்பக்கம் ஓர் ஓரத்தில் தேய்த்ததுதான். வெள்ளை அப்படியே பஞ்சில் இறங்கியது. "பியுவா இருந்தா காஞ்சப்புறம் இப்படிக் கரையாது. இது என்சி" என்றார். பியு என்பது ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிப்பது. கலந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். இவர்கள் கலக்கியதை நான் பார்க்கவே இல்லை. தண்ணீர் கேனில் ஏற்கெனவே கரைத்த சரக்கைத்தான் கொண்டுவந்தார்கள். என்சி தின்னர் பழைய எனாமலை இளக்கித் தூக்கிவிடும், சுருக்கத்துக்குக் காரணம் அதுதான்.

இன்னொன்றும் சொன்னார்: பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் போகக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் அலமாரியின் அடி அடுக்குகள் அதற்கு எவ்வளவோ முந்தியவை. முதல் கோஷ்டி அதை எங்கள் பிள்ளைகள் படிக்கும் அறையில் வைத்துத் தேய்த்தது. சுருக்கத்தைவிட இதுதான் எனக்கு ஆத்திரம்.

அலமாரியை மொட்டை மாடி ஷெட்டுக்குத் தூக்கிப் போனோம். பெயின்ட் ரிமூவரைத் தடித்துப் பூசி, ஊறவிட்டு, தகட்டால் மர ரேகைப் போக்கிலேயே வழித்தார். வெள்ளை, பச்சை, அதற்கடியில் ஒரு காவி நிறம் என்று ஒவ்வொன்றாக வந்தது. டர்பன்டைனால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, 120, பிறகு 180, 220 நம்பர் என்று உப்புத்தாள் (நம்பர் கூடக் கூட நைஸாக இருக்கும்). வுட் பிரைமர். குழி இருந்த இடத்தில் மட்டும் மெல்லிசாக என்சி பட்டி. 320 போட்டுத் தேய்த்து, சாட்டின் (மிதமான பளபளப்புள்ள) எனாமல் இரண்டு கோட், பிரஷ்ஷில். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓர் இரவு முழுக்க விட்டார். ஸ்ப்ரே பளபளப்பு இல்லை, வேண்டவும் வேண்டாம்.

ஆகவே, யாரிடம் கொடுத்தாலும் சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பியு என்றால் ஹார்டனர் டப்பா தனியாக வர வேண்டும். சுரண்டி முடித்த வெறும் மரத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்த தவணை. அப்புறம், மழைக்காலத்தில் என்சி ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், ஈரக்காற்றில் வெண்மை பூத்துவிடும்.

கொட்டேஷன், பணம் அனுப்பிய ரசீது, பஞ்சின் படம் எல்லாவற்றையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.