அப்பாவின் துப்பாக்கி உரிமத்தை மாற்றித் தருகிறேன் என்று வந்தவர்

அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ உரிமம் இருந்து, அவர்கள் காலமான பிறகும் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கிறதா? அப்படியென்றால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு 41,000 ரூபாய் போனது. அது போகட்டும். செத்துப்போன அப்பாவின் பெயரில் ஒரு போலி முத்திரை விழுந்து, அந்தப் புத்தகத்தை நானே கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் நீட்டினேன். அதுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடவில்லை.

குத்தாலம் பக்கம் எங்கள் ஊர். அப்பா பெயரில் இரண்டு துப்பாக்கி. ஒன்று 12 போர் (போர் என்பது குழல் வாயின் அளவு) இரட்டைக் குழல். இன்னொன்று தாத்தா காலத்தது, வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக் குழல். நான் சிறுவனாக இருந்தபோது வயலில் கொக்குக் கூட்டத்தைக் கலைக்க அப்பா வானத்தைப் பார்த்துச் சுடுவார். பிறகு அதுவும் நின்றுபோனது. ஆயுத பூஜைக்கு எடுத்துத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது, தேர்தல் வந்தால் பழைய வேட்டியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு முடிந்ததும் திருப்பி வாங்குவது, அவ்வளவுதான் எங்கள் வீட்டில் அதற்கு இருந்த வேலை.

உரிமப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைசியில் குட்டை உடைத்தது அதுதான். 1974இல் வாங்கியது. முதல் பக்கங்களில் எல்லாம் தஞ்சாவூர் முத்திரை. 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானதும் அடுத்த பக்கங்களில் நாகப்பட்டினம் முத்திரை. 2020 டிசம்பர் 28 முதல் நாங்கள் மயிலாடுதுறை மாவட்டம். ஆனால் அந்த முத்திரை புத்தகத்தில் இல்லை. 2018இல் மூன்று வருடத்துக்குப் புதுப்பித்ததோடு சரி. அதற்குப் பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார், நாங்கள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் 2021 கடைசியில் உரிமம் முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை. அது எங்கள் தப்பு, மறைக்கவில்லை.

2023 ஆவணியில் அப்பா போய்விட்டார். வாரிசுச் சான்றிதழுக்காக அலைந்தபோது பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒருவர் பழக்கமானார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். நான் நகலெடுக்கக் கொடுத்த உரிமப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே பேச்சுக் கொடுத்தார். "அண்ணே, இது சாதாரண வேலை இல்ல. சட்டம் மொத்தமும் மாறிடுச்சு. நீங்களா போனா ரெண்டு துப்பாக்கியும் போயிடும்" என்றார்.

பயமுறுத்துவதற்கு அவரிடம் ஒரு சாமான் இருந்தது. லேமினேட் செய்த செய்தித்தாள் துண்டு, 2019 நவம்பர் மாதத்தது. இனி ஒருவருக்கு ஒரு துப்பாக்கிதான் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் நம்பிவிட்டேன். அச்சில் வந்தது பொய்யாகுமா? செய்தி பொய்யில்லை, ஆனால் அது மசோதா வந்த நேரத்துச் செய்தி. முதலில் ஒன்று என்றுதான் கொண்டுவந்தார்கள். நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது அது இரண்டு ஆகிவிட்டது. 2019 டிசம்பர் 14 முதல் நடப்பில் இருக்கும் ஆயுதத் திருத்தச் சட்டப்படி ஒருவர் இரண்டு வரை வைத்துக்கொள்ளலாம். முன்பு மூன்று. வாரிசாக வருவதற்கும் இதே இரண்டுதான் கணக்கு. எங்கள் வீட்டில் இருந்ததே இரண்டு. அந்தத் துண்டை நான் பார்த்துப் பயந்திருக்கவே வேண்டியதில்லை.

ஃபைல் திறக்க என்று முதலில் 8,000 வாங்கினார். அப்புறம், மாவட்டம் பிரிந்ததால் அப்பாவின் யூஐஎன் நம்பர் செத்துப்போச்சு, புதுசு போட வேண்டும் என்று 15,000. யூஐஎன் என்பது உரிமக்காரர்களின் விவரத்தை நாடு முழுவதற்கும் ஒரே பதிவில் கொண்டுவந்தபோது கொடுத்த தனி எண். நாகப்பட்டினத்தில் இருந்தபோதே அப்பாவுக்கு அதைப் போட்டு, புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது ஆளுக்குக் கொடுப்பது. எத்தனை துப்பாக்கி இருந்தாலும் ஆளுக்கு ஒரே எண். மாவட்டம் பிரிந்ததால் சாகாது. எனக்கு உரிமம் வந்தால் என் பெயருக்குத் தனியாக ஒன்று வரும், அவ்வளவுதான். இதற்கா 15,000 கொடுத்தேன் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

பணத்துக்கு ரசீது கேட்டேன். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் கலெக்டர் ஆபீஸ் ரசீது ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். எண், தேதி எல்லாம் இருந்தது. நிம்மதியாகச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினேன். அது திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் யார் மனு கொடுத்தாலும் கிடைக்கிற ரசீது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த எண்ணுக்கு உண்டான மனு, ஏதோ ஒரு தெருவுக்கு விளக்குக் கேட்டுக் கொடுத்தது.

இதற்கிடையில் தாத்தா துப்பாக்கி மேல் அவருக்குக் கண் விழுந்தது. "மருந்து கெட்டிக்கிறது இனிமே யாரும் மதிக்க மாட்டாங்க அண்ணே. நம்ம பட்டறை ஒண்ணு இருக்கு. பின்னாடி திறந்து தோட்டா போடுற மாதிரி மாத்திடலாம். 12,000 கொடுங்க, புத்தகத்துலயும் மாத்தி எழுதிடலாம்" என்றார். எனக்குச் சரியாகத்தான் பட்டது. தை அறுவடைப் பணம் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். கையில் பணம் இல்லாததால்தான் தப்பித்தேன், வேறு காரணம் இல்லை.

2024 ஜனவரியில் வந்து, போலீஸ் ரிப்போர்ட்டுக்கும் புதுப்பிப்பதற்கும் என்று இன்னொரு 18,000 வாங்கிக்கொண்டு புத்தகத்தைக் கேட்டார். கொடுத்தேன். பத்து நாளில் திருப்பித் தந்தார். கடைசிப் பக்கத்தில் 2028 வரை புதுப்பித்ததாக எழுதி, ஊதா மையில் வட்ட முத்திரையும் ஒரு கையெழுத்தும் இருந்தன. "உங்க பேருக்கு மாத்துற வரைக்கும் இது போதும், துப்பாக்கி வீட்டுலயே இருக்கட்டும்" என்றார்.

மார்ச்சில் பாராளுமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது, அப்பா பெயரைச் சொல்லி இரண்டையும் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்கள். அப்பா செய்தது போலவே வேட்டியில் சுற்றி எடுத்துப்போனேன். புத்தகத்தையும் தைரியமாகத்தான் நீட்டினேன்.

ஏட்டையா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எப்ப போட்டது?"

"போன ஜனவரியிலங்க."

"ஜனவரியில நாகப்பட்டினம் முத்திரை எப்படி விழும் தம்பி? நாம மயிலாடுதுறைக்கு வந்து மூணு வருஷம் ஆச்சே."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அடுத்து அப்பாவைப் பற்றிக் கேட்டார். ஆவணியிலேயே தவறிட்டாருங்க என்றேன். அவர் புத்தகத்தை மூடி மேஜை மேல் வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். இறந்தவர் பெயரில், இறந்து ஐந்து மாதம் கழித்து, பழைய மாவட்டத்தின் முத்திரையோடு புதுப்பிப்பு. மாலை வரை அங்கேதான் இருந்தேன். அம்மாவுக்குப் போன் பண்ணக் கை வரவில்லை.

இன்ஸ்பெக்டர் கடுமையாகப் பேசினார், ஆனால் விவரமாகவும் சொன்னார். உரிமக்காரர் இறந்துவிட்டால் அந்த ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்க மற்றவர்களுக்கு உரிமை கிடையாது. ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி தாமதம் செய்யாமல் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் முன்பு ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை தண்டனை. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடம், ஐந்து வரை போகலாம். நான் ஆறேழு மாதம் வைத்திருந்தேன். அந்த ஆள் "வீட்டுலயே இருக்கட்டும்" என்று சொன்னதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய துரோகம். பணத்தைக்கூட மன்னித்துவிடலாம், இதை முடியாது.

வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். துப்பாக்கிகளை ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கினேன். அந்த ஆள் மேல் புகார் கொடுத்து, புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் நகலும் வாங்கினேன். அவர் போன் அன்று இரவே அணைந்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அவர் ஊர் பெயர்கூடத் தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் புத்தி வந்து திருச்சியில் உரிமம் பெற்ற கடை ஒன்றைத் தேடிப் போனேன். நாற்பது வருடமாகக் கடை நடத்துகிற பெரியவர். பட்டறை விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, அதை மட்டும் செஞ்சிருந்தீங்கன்னா உங்களை யாராலயும் காப்பாத்த முடியாது" என்றார். குழலை வெட்டிக் குட்டையாக்குவது முன்பிருந்தே 6ஆம் பிரிவில் குற்றம். 2019இல் அதோடு, ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் சேர்த்துவிட்டார்கள். தண்டனை ஏழு வருடத்திலிருந்து ஆயுள் வரை. மாற்றுவது இருக்கட்டும், பழுது பார்ப்பதைக்கூட அதற்கென உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். கொல்லுப் பட்டறையில் கொடுத்தால் கொடுத்தவரும் மாட்டுவார், செய்தவரும் மாட்டுவார்.

அவர் சொன்ன இன்னொன்று என்னை ரொம்ப நாள் வாட்டியது. 2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதி இருக்கிறது. உரிமக்காரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கி அவரிடம் 25 வருடம் இருந்துவிட்டாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அப்பா இறந்தபோது அவருக்கு 79 வயது. துப்பாக்கி அவரிடம் 49 வருடம் இருந்தது. அப்பா நல்லபடியாக நடமாடிக்கொண்டிருந்த காலத்திலேயே, அவரே என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ச் செய்திருக்கக்கூடிய வேலை. வீட்டில் வயதானவர் பெயரில் உரிமம் இருப்பவர்கள் இதை இந்த வாரமே பேசி முடிவெடுங்கள். உரிமம் இப்போது ஐந்து வருடத்துக்குக் கொடுக்கிறார்கள் என்பதால் புதுப்பிக்கும் தேதி எளிதில் மறந்துபோகும். காலண்டரில் எழுதி வையுங்கள்.

இப்போது என் பெயரில் நானே இணையத்தில் விண்ணப்பித்திருக்கிறேன். அக்கா திருவாரூரிலிருந்து வந்து ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான், அவன் கையெழுத்துக்குத்தான் கொஞ்சம் நாளானது. கலெக்டர் ஆபீஸில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவில் நேராகப் போய்க் கேட்டேன், என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தார்கள். பத்து நிமிட வேலை. போலி முத்திரை விசாரணை முடியாமல் விண்ணப்பம் நகராது என்றும் சொன்னார்கள். துப்பாக்கிகள் ஸ்டேஷனில்தான் இருக்கின்றன. 41,000இல் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

போன மாதம் திருத்துறைப்பூண்டியில் இருக்கும் என் மாமா மகன் போன் பண்ணினான். அவன் சிநேகிதர் வீட்டுக்கு ஒருவர் வந்து, உரிமத்தை மாற்றித் தருவதாகச் சொல்லி லேமினேட் செய்த பழைய பேப்பர் துண்டு ஒன்றைக் காட்டினாராம். வெள்ளைச் சட்டை, பிளாஸ்டிக் ஃபைல். நான் புகார் எண்ணைச் சொல்லி அங்கிருக்கும் ஸ்டேஷனில் உடனே சொல்லச் சொன்னேன், அதற்குள் ஆள் போய்விட்டார். உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி யாராவது வந்தால் புத்தகத்தைக் கையில் கொடுக்காதீர்கள். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் பண்ணுங்கள்.