முகம் அச்சடித்துத் தரும் கடை

போன கிழமை மகளின் அடையாள அட்டைப் படத்துக்காக மட்டக்களப்பு நகரில் உள்ள அந்த ஸ்டூடியோவுக்குப் போனேன். மணிக்கூட்டுக் கோபுரத்தில் இருந்து நடந்து போகிற தூரம்தான். பெயர்ப்பலகையில் இரண்டு எழுத்து உதிர்ந்து நாலு வருடம் இருக்கும், கடைக்கார அண்ணன் இன்னும் மாட்டவில்லை. மேசைக்குப் பின்னால் சுவரில் மாப்பிள்ளை பொம்பிளைப் படங்களுக்கு நடுவே என் முகமும் ஒட்டியிருந்தது. 2021இல் எங்களுக்காக அவர் அடித்த முதல் மாதிரி. எத்தனையோ சாப்பாட்டுக் கடைக்கெல்லாம் விமர்சனம் எழுதிவிட்டு, இந்தக் கடையைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விட்டது அப்போதுதான் உறைத்தது.

நான் மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் தாதி, நோயாளிகளுக்கு மிஸி. எங்கள் வேலையில் ஊசி, குளிசை எல்லாம் பிறகுதான் வரும். முதலில் முகம். சோற்றில் யாரோ நஞ்சு கலக்கிறார்கள் என்று நம்புகிறவருக்கு முன்னால் இருந்து, அதே பானையில் இருந்து ஒரு கவளம் அள்ளி நாங்கள் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். மூன்று நாளாக வாய் திறக்காதவரிடம் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருந்து சிரிக்க வேண்டும். 2020 மார்ச் 20இல் ஊரடங்கு வந்த நாளோடு இதில் பாதி போயிற்று. மாஸ்க்குக்கு மேல் கண்ணாவது இருந்தது, சமாளித்தோம். 2021 சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு வந்த மூன்றாவது அலையில் தொப்பி, அங்கி, இரண்டு மாஸ்க், முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தகடு. மட்டக்களப்பு வெயிலில் பத்து நிமிடத்தில் அந்தத் தகடு ஆவி படிந்து வெளுத்துவிடும். கண்ணும் போயிற்று.

வெள்ளை உடுத்தவர்கள் தன்னைக் கொண்டுபோக வருகிறார்கள் என்று சொல்லி வார்டில் அனுமதிக்கப்பட்ட ஒருவர் இருந்தார். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விஷயங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) அவருக்கு முன்னால் நாங்கள் நாலு பேர் தலை முதல் கால் வரை வெள்ளையில் போய் நின்றால் அவர் என்ன நினைப்பார்? ஓர் இரவு மூன்று மணித்தியாலம் குளிசையோடு நின்றேன்.

"நீங்க ஆரு? மிஸி எங்க?"

"நான்தான் மிஸி. குரலைக் கேட்டா விளங்கேல்லயா?"

"குரலையும் களவெடுத்திட்டீங்க."

அன்றைக்கு உடுப்பு மாற்றுகிற அறையில் இருந்து அழுதேன். நோய் தொற்றிவிடும், வீட்டில் அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன் என்ற பயமெல்லாம் ஏற்கெனவே இருந்ததுதான், அதற்கு அழவில்லை. பதினாலு வருட வேலையில் ஒரு நோயாளி என்னைக் கண்டு நடுங்கியது அதுதான் முதல் தடவை.

அந்த நாட்களில் எங்களுடைய மன அழுத்தத்தை அளக்க போனுக்கு ஒரு கேள்விக்கொத்து வந்தது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0இல் இருந்து 4 வரை, கூட்டினால் உச்சம் 40. எனக்கு 27 வந்தது. 27இல் இருந்து கடும் அழுத்தம் என்று கணக்கு, அதாவது நான் வாசற்படியில். அப்புறம் சூமில் ஒரு வகுப்பு வைத்தார்கள். சுனாமியைக் கண்டவர்கள், 2019இல் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பைக் கண்டவர்கள், கிழக்கில் இருக்கிற உங்களுக்கு மீண்டெழும் ஆற்றல் இயல்பாகவே அதிகம் என்று சொன்னார்கள். நான் மைக்கை அணைத்துவிட்டு வெண்டிக்காய் நறுக்கினேன்.

யோசனை வந்தது எங்கள் வைத்தியர் ஒருவரிடம் இருந்து. ஆபிரிக்காவில் எபோலா பரவியபோது, 2015இல் லைபீரியாவுக்குப் போன மேரி பெத் ஹெஃபர்னன் என்ற அமெரிக்கக் கலைஞர், பாதுகாப்பு உடைக்குள் இருக்கிறவரின் சிரித்த படத்தை நெஞ்சில் ஒட்டுகிற முறையை அங்கே தொடங்கி வைத்தார். கொவிட் வந்ததும் வேறு நாடுகளிலும் அதைச் செய்தார்கள். நாமும் செய்வோம் என்றார் வைத்தியர். சரி, யார் அடித்துத் தருவது? இரண்டு கடையில் கேட்டோம். வைத்தியசாலை என்று சொன்னதுமே ஒரு கடையில் கதவைச் சாத்தினார்கள், மற்றதில் கரண்ட் இல்லை என்றார்கள். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாவதாகத்தான் இந்த அண்ணன். "உள்ளுக்க வர வேணாம் தங்கச்சி, வெளியில அந்த வாங்கில இருங்க, நான் வாறன்" என்றார். பயணத்தடை வருவதற்கு முன்னால், மே மாதம் தொடக்கம். கடைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அதற்குக் கீழே ஒவ்வொருவராக நிற்க வைத்து, தான் வீதிக்கு அந்தப் பக்கம் நின்று எடுத்தார். படம் எடுக்கும் அரை நிமிடம் மாஸ்க்கைக் கழற்றினோம். ஒருவருடைய முழு முகத்தை ஒருவர் பார்த்து ஒரு வருடம் ஆகிவிட்டது என்பது எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது. இவருக்குப் பல் இப்படியா, அவருக்கு மீசை எப்போது நரைத்தது என்று ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புத்தான் படத்தில் விழுந்திருக்கிறது. அதற்காகவே அண்ணனுக்கு முழுப் புள்ளியும் போடலாம்.

ஆனால் விமர்சனம் என்றால் குறையும் சொல்லத்தானே வேண்டும். முதல் தொகுதி வந்தபோது எங்கள் எல்லாரையும் வெள்ளையடித்திருந்தார். என் நிறம் எனக்குத் தெரியும். படத்தில் இருந்தவளோ பவுடர் விளம்பரத்துக்கு வந்தவள் மாதிரி. கன்னத்தில் இருக்கிற மச்சத்தையும் காணவில்லை. கேட்டால், "எல்லாரும் அப்பிடித்தானே கேக்கிறவங்க" என்கிறார். அதைக் குத்திக்கொண்டு வார்டுக்குள் போனேன். அந்த மனிதர் படத்தையும் பார்த்து, என் கண்ணையும் பார்த்து, "இது மிஸிட தங்கச்சி" என்றார்.

இரண்டாவது தொகுதியில் நிறம் சரி, மச்சமும் திரும்பி வந்தது. ஆனால் மை கரைந்தது. ஒவ்வொரு முறையும் உடை கழற்றியதும் படத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். மூன்றாம் நாள் என் மூக்கு தாடைக்கு இறங்கிவிட்டது. லேமினேட் பண்ணியும் ஏன் இப்படி என்று அண்ணனும் நானும் ஷட்டருக்கு இரண்டு பக்கமும் நின்று ஆராய்ந்தோம். காரணம் இதுதான்: அழகுக்காகப் படத்தின் விளிம்போடு ஒட்ட வெட்டியிருக்கிறார். அப்படி வெட்டினால் பிளாஸ்டிக்கின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்ட இடம் இல்லை, ஸ்பிரிட் இடுக்கால் உள்ளே இறங்கும். மையும் தண்ணீர் மை. மூன்றாவது தொகுதியை லேசர் பிரிண்டரில் அடித்து, சுற்றிவர மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விளிம்பு விட்டு வெட்டினார். அது இன்று வரைக்கும் இருக்கிறது. சுவரில் நான் கண்டது முதல் தொகுதி, அந்த வெள்ளைக்காரி. கழற்றச் சொன்னேன், மாட்டேன் என்கிறார்.

எங்களோடு காத்தான்குடியில் இருந்து வருகிற ஒரு சகோதரி வேலை செய்தார். அவருடைய மாமா கொழும்பில் கொவிட்டில் இறந்து, ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் செய்யப்பட்டவர். கொவிட்டில் இறந்தவர்களை, முஸ்லிம்களையும்கூட, எரிக்க மட்டும்தான் விடுவோம் என்ற உத்தரவு 2021 பெப்ரவரிக் கடைசியில் நீங்கி, மார்ச் 5இல் அங்கே அடக்கம் தொடங்கியது. அதற்குப் பிந்திய மரணம் என்பதில் அவர் வீட்டாருக்கு ஓர் ஆறுதல். மறுநாள் அவர் டியூட்டிக்கு வந்துவிட்டார். "மாஸ்க் இருந்தது நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொன்னார். நான் முகத்தைக் காணவில்லை என்று அழுதுகொண்டிருந்த அதே வார்டில் அவருக்கு அந்த மறைப்புத் தேவைப்பட்டிருக்கிறது. படம் எடுக்கப் போனபோது, சிரித்த படத்துக்கு இப்போது நிற்க ஏலாது என்றார். அண்ணன் வற்புறுத்தவில்லை. பெயரைப் பெரிதாக அடித்து, பக்கத்தில் ஒரு செவ்வரத்தம் பூவைப் போட்டுக் கொடுத்தார். நோயாளிகள் அவரைப் பூ மிஸி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். இன்றைக்கும் அந்தப் பெயர்தான்.

பலன் கிடைத்ததா? எல்லாரிடமும் இல்லை. சிலர் படத்தைக் கவனிக்கவே இல்லை. ஓர் அம்மா என்னை விட்டுவிட்டு என் படத்தோடு கதைத்துக்கொண்டிருந்தார். "படம் ஆரும் ஒட்டலாம்தானே" என்று ஒருவர் கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. குரலைக் களவெடுத்ததாகச் சொன்னவர் மூன்றாவது படத்தின் மச்சத்தில் விரலை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு குளிசைக்குக் கையை நீட்டினார். விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தது வேறு கதை.

அவரே சில நாள் கழித்து ஒன்று கேட்டார். "நானும் மாஸ்க்தானே போடுறன். எனக்கும் ஒண்டு அடிச்சுத் தாங்க மிஸி." நோயாளியின் படத்தைக் கடைக்குக் கொண்டு போக முடியாது. அதை அண்ணனிடம் சொன்னேன். வெறும் வெள்ளைத் தாளை அதே அளவில் வெட்டி லேமினேட் பண்ணிப் பத்து அட்டை தந்தார், காசு வாங்கவில்லை. மாக்கர் பேனாவால் அதில் அவர் தன் முகத்தைத் தானே கீறினார். அடுத்த நாள் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு வேறு முகம். சில நாள் சிரிப்பார், சில நாள் வாயே கீறமாட்டார். காலையில் வார்டுக்குள் நுழையும்போது நாங்கள் முதலில் பார்த்தது அந்த அட்டையைத்தான்.

இனி விலை. அப்போது ஓர் அட்டை 80 ரூபாய். 2022இல் தாளும் மையும் ஏறிய பிறகு இரண்டு மடங்குக்கும் மேல், அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. நேரம் தவறுவார். நாளைக்கு என்றால் நாளன்றைக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாடசாலை, பாலர் பள்ளி அட்டைகளுக்கும் நல்ல கடை. ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது என் மச்சத்தை அழித்ததற்கு.

போகிறவர்கள், அவர் கம்ப்யூட்டரில் கை வைப்பதற்கு முன்னாலேயே நிறத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மகளின் படத்துக்கும் சொன்னேன். "ஓம் தங்கச்சி, ஓம்" என்று தலையாட்டிக்கொண்டே கொஞ்சம் வெளுப்பாக்கினார். பிறகு அவள்தான் அது நல்லாயிருக்கு என்றாள்.