மீந்துபோன டைரக்டரிகள்: சிவிஎஸ், கிட், டார்பால் மூன்றில் எது?

பிகேஜிஎஸ்ஆர்சி என்பது மென்பொருள்களை மூல நிரலிலிருந்து பில்ட் செய்ய உதவும் நெட்பிஎஸ்டியின் பேக்கேஜ் தொகுப்பு. அதை அப்டேட் செய்து முடித்த பிறகும், எப்போதோ நீக்கப்பட்ட பேக்கேஜின் டைரக்டரி அப்படியே கிடக்கும். உள்ளே போனால் பில்ட் விதிகளைச் சொல்லும் மேக்ஃபைல் இருக்காது. பில்ட் நடக்கும் ‘வொர்க்’ என்ற தற்காலிக டைரக்டரி மட்டும் உட்கார்ந்திருக்கும். பழைய பில்டுக்குப் பிறகு ‘மேக் கிளீன்’ கொடுக்காததால் தங்கிய குப்பை அது.

இந்தத் தொகுப்பைப் பெற மூன்று வழி: மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவிகளான சிவிஎஸ், கிட், இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும் டார்பால். நான் சிவிஎஸ்ஸை விட்டு கிட் மிரருக்கு (கிட்டில் உள்ள நகலுக்கு) மாறிவிட்டேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்ததுதான். வேகம், பழைய மாற்றங்களைப் பார்க்கும் வசதி இதெல்லாம் எல்லோரும் அறிந்தது. என்னை மாற வைத்தது இந்தக் குப்பையைப் பெருக்கும் வேலை.

டார்பாலை முதலில் முடித்துவிடலாம். புது மெஷினில் அதுவே சுலபம். ஆனால் பழைய ட்ரீயின் (தொகுப்பின் மொத்த டைரக்டரி அடுக்கின்) மேலேயே பிரித்தால், ‘டார்’ கட்டளை புதியதை எழுதுமே தவிர நீக்கப்பட்டதை அழிக்காது. டைரக்டரி மீந்தால்கூடப் பரவாயில்லை, பழைய பேட்ச் (மூல நிரலில் திருத்தம் செய்யும் கோப்பு) மீந்தால்தான் தலைவலி. ஃப்ரீபிஎஸ்டியின் இதே போன்ற தொகுப்பான போர்ட்ஸில் ‘ஃபைல்ஸ்’ டைரக்டரிக்குள் ‘பேட்ச்-’ என்று தொடங்கும் எல்லாமே பில்டில் சேரும். புது வெர்ஷனோடு பொருந்தாத ஒன்று இருந்தால் பில்ட் அங்கேயே நிற்கும். பழையதை அழித்துவிட்டுப் பிரிப்பதே சரி.

சிவிஎஸ், நீக்கப்பட்ட கோப்புகளை அழிக்கும், டைரக்டரியை விட்டுவிடும். காலியானதைக் கழிக்கப் பெரிய ‘பி’, புதிதாக வந்ததை உருவாக்கச் சிறிய ‘டி’ என்று இரண்டு ஆப்ஷனையும் அப்டேட்டில் சேர்க்க வேண்டும். ‘.சிவிஎஸ்ஆர்சி’ கோப்பில் ஒருமுறை எழுதி வைத்தால் போதும். ஆனால் உள்ளே ‘வொர்க்’ இருந்தால் அது காலி டைரக்டரி அல்ல. பெரிய ‘பி’ அதைத் தொடாது. அப்புறம் மேக்ஃபைல் இல்லாத டைரக்டரிகளைத் தேடிப் பிடித்து நாமேதான் அழிக்க வேண்டும்.

கிட்டிலும் ‘வொர்க்’ மீந்தால் டைரக்டரி போகாது. சொல்லப்போனால் இன்னும் ஒரு படி மோசம்: புறக்கணிப்புப் பட்டியலில் ‘வொர்க்’ இருந்தால் ‘கிட் ஸ்டேட்டஸ்’ எல்லாம் சுத்தம் என்றே காட்டும். ஆனால் ‘கிட் கிளீன்’ என்ற துடைப்பம் இருக்கிறதே! என், டி, எக்ஸ் மூன்றையும் சிறிய எழுத்தில் கொடுத்தால் எவையெல்லாம் போகும் என்று பட்டியல் மட்டும் வரும். நிதானமாகப் படித்துவிட்டு ‘என்’ இடத்தில் ‘எஃப்’ போடலாம். பெரிய ‘எக்ஸ்’ என்றால் புறக்கணிக்கப்பட்டவை மட்டும் போகும். நாம் எழுதிக்கொண்டிருக்கும் புது பேக்கேஜ் தப்பிக்கும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். டவுன்லோடு செய்த மூல நிரல்கள் சேரும் ‘டிஸ்ட்ஃபைல்ஸ்’ வழக்கமாக ட்ரீக்குள்ளேயே இருக்கும். சிறிய ‘எக்ஸ்’ அதையும் சேர்த்து வாரிவிடும். டவுன்லோடு செய்ததெல்லாம் போச்சு. இன்னும் தயாராகிக்கொண்டிருக்கும் பேக்கேஜ்களின் ‘விப்’ தொகுப்பைத் தனி கிட் ரெப்போவாக உள்ளே வைத்திருந்தால் ஒற்றை ‘எஃப்’ அதைத் தொடாது, இரட்டை ‘எஃப்’ விடாது.

குப்பையே சேராமல் இருக்க வழி பிகேஜிஎஸ்ஆர்சியின் அமைப்புக் கோப்பான எம்கே.கான்ஃபில் இருக்கிறது. டபிள்யூஆர்கேஓபிஜேடிஐஆர் மாறிக்கு ட்ரீக்கு வெளியே ஒரு பாதையைக் கொடுத்தால் பில்ட் மிச்சம் அங்கேயே போய்விடும். ‘டிஸ்ட்ஃபைல்ஸ்’ இடத்தைக் குறிக்கும் டிஸ்ட்டிஐஆர் மாறியையும் அப்படியே வெளியே திருப்பலாம். போர்ட்ஸில் இதே வேலைக்கு டபிள்யூஆர்கேடிஐஆர்பிரிஃபிக்ஸ். வெளிப்பாதையைச் சுட்டும் ‘வொர்க்’ சிம்லிங்கை ட்ரீக்குள் உருவாக்கும் அமைப்பை மட்டும் ஆன் செய்யாதீர்கள். அந்த ஒரு லிங்க் போதும், டைரக்டரி மறுபடி காலியாகாது.

இதைச் செய்துவிட்டால் சிவிஎஸ்ஸும் கிட்டத்தட்ட இதே சுத்தத்தைத் தரும், மறுக்கவில்லை. இருந்தும் ஏதாவது தப்பி உள்ளே விழும்போது கிட்டில் ஒரு கட்டளையோடு முடிகிறது. நான் ஒரே மெஷினில்தான் இப்படி ஓட்டுகிறேன். ஒரே ட்ரீயை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) வழியாகப் பல மெஷின்கள் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் வெளிப்பாதை தனியாக இருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டில் எனக்குப் பழக்கம் குறைவு.