'சாப்பிட்டீர்களா அண்ணா' என்று கேட்டே 24,000 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்

நேற்று முன்தினம் நடந்தது. வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

பெரம்பூரில் இருக்கிறோம். என் மகனுக்கு 23 வயது, அறிவுசார் குறைபாடு. பகலில் பயிற்சி மையத்தில் காகிதப்பை ஒட்டுவான். மாலையில் ஸ்டேஷனில் ரயில்களைப் படமெடுத்து, படம் பகிரும் செயலி ஒன்றில் போடுவான். தெருவில் அவனோடு நின்று பேச ஆளில்லை. அவன் சிநேகிதமெல்லாம் அதற்குள்தான்.

மூன்று வாரமாக ஒரு பெண் 'சாப்பிட்டீர்களா அண்ணா' என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் படித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷப்பட்டேன். வீட்டில் தங்கை இல்லாத பிள்ளை. அவளுக்கு நன்றி சொல்லச் சொன்னதே நான்தான்.

திங்கட்கிழமை, 'உங்கள் படத்துக்குப் பரிசு விழுந்திருக்கிறது, இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வரும்' என்றாள். போட்டான். 'வரவில்லை அண்ணா, இன்னொரு முறை.' நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 6,000. மொத்தம் 24,000. மாதம் 2,000 வரும் அரசு உதவித்தொகையில் ஒரு வருடத்துப் பணம். "அம்மா, பரிசு எப்போது வரும்?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

செயலியில் புகார் கொடுத்தேன். 'இந்தக் கணக்கு எங்கள் விதிகளை மீறவில்லை' என்று ஒரு நிமிடத்தில் பதில். வங்கியில், "ரகசிய எண்ணைத் தம்பிதானே போட்டார், மேடம்?" என்றார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழை நீட்டினேன். ஜெராக்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு, தலைமை அலுவலகத்துக்கு எழுதச் சொன்னார்கள். 24,000 ரூபாய்க்கு ஒரு ஜெராக்ஸ்!

"இந்தப் பிள்ளைக்குப் போன் எதற்கு?" என்றார் நாத்தனார். மையத்துக்கு வரும் அம்மாக்களில் பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். என் கணவரும் போனைப் பூட்டிவைத்தார். ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இன்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏமாற்றியவள் அவள், தண்டனை இவனுக்கா?

மற்ற பெற்றோருக்கு விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. இதைப் பிள்ளைக்குப் பத்து முறை சொல்லுங்கள். பணம் போனால் வங்கி வாசலில் நிற்காமல் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள், நான் ஒரு நாள் தாமதித்துவிட்டேன். யுபிஐ செயலிகளில், உங்கள் கணக்கிலிருந்து பிள்ளை பணம் செலுத்த விடும் 'யுபிஐ சர்க்கிள்' என்ற வசதி இருக்கிறது; அதில் ஒவ்வொரு முறையும் நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் பணம் போகும்படி வைக்கலாம். இதை நேற்றுதான் ஒருவர் சொன்னார்.

அந்தக் கணக்கு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இன்று காலை வேறொரு பையனின் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறாள்: 'சாப்பிட்டீர்களா அண்ணா?'